கம்பி வைக்காத உடம்பு

மகள் குருவி என்ன படிக்கிறாள் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே பட்டறைக்காரிக்கு வாய் ஓய்ந்துபோனது. டாக்டர் படிப்பா என்பார்கள். இல்லை. அப்போ நர்ஸா என்பார்கள். அதுவும் இல்லை. மற்றவர்கள் அதோடு விட்டுவிடுவார்கள். எதிர்க்கடை டீக்காரர் மட்டும் விடாக்கண்டன்.

"பின்ன என்னதாம்மா படிக்குது அந்தப் பொண்ணு, இத்தன வருஷமா?"

"கேன்சருக்குக் கரண்டு வைக்கிறாங்கல்ல, அத எவ்வளவு வைக்கணும், எங்க வைக்கணும், எங்க வைக்கக் கூடாதுன்னு கணக்குப் போடுற படிப்பு. மெடிக்கல் பிசிக்ஸ்."

"அப்ப கணக்கு டீச்சர்."

"ஆமா, கணக்கு டீச்சர்தான். டீயக் குடுங்க, வேலை கெடக்கு."

சின்ன வயதில் ஒரு நொடி வாயை மூடமாட்டாள் என்று சித்தப்பா வைத்த பெயர் குருவி. எம்.எஸ்ஸி கடைசி வருஷத்துக்கு வந்த பிறகும் பெயரும் மாறவில்லை, வாயும் மாறவில்லை.

பட்டறையில் செய்வது துணிக்கடைப் பொம்மைகள். ஃபைபர் பசையில் வார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தோல் நிறம் அடித்து, கடைசியில் புருவமும் உதடும் எழுதி அனுப்ப வேண்டும். வார்ப்பது கொழுந்தன். முகம் எழுதுவது பட்டறைக்காரி. வேனில் ஏற்றிக்கொண்டுபோய்க் கடைகடையாக இறக்கி, வாயாலேயே விற்றுவிட்டு வருவது அவள் புருஷன். எல்லாப் பொம்மைக்கும் ஒரே இடுப்பு, ஒரே மார்பு, ஒரே நீளக் கழுத்து. இப்படி ஒருத்தியைச் சந்தையிலும் பார்த்ததில்லை, பஸ்ஸிலும் பார்த்ததில்லை என்பாள் பட்டறைக்காரி. பார்த்தால் முதலில் அவளுக்கு ஒரு தட்டுச் சோறு போடுவேன் என்பாள்.

அந்தப் பட்டறையிடம்தான் குருவி ஒரு உடம்பு கேட்டாள். தலை வேண்டாம், கைகால் வேண்டாம், கழுத்திலிருந்து வயிறு வரை போதும். மனுஷத் தசை போலக் கதிரை, அதாவது அந்தக் கரண்டை, வாங்க வேண்டும், அதனால் மெழுகு. நுரையீரல் இருக்கும் இடம் காற்றடைத்தாற்போல லேசாக இருக்க வேண்டும், அதனால் தக்கை. அதைப் படுக்கவைத்துக் கதிரைச் செலுத்தி, கம்ப்யூட்டர் சொன்ன அளவுதான் நிஜமாக உள்ளே போய்ச் சேர்கிறதா என்று அளந்து பார்க்க வேண்டும்.

"உங்க டிபார்ட்மென்ட்ல அப்படி ஒண்ணு இருக்குன்னு சொன்னியே?" என்றான் கொழுந்தன்.

"இருக்கு சித்தப்பா. அது ஆம்பள உடம்பு, பயில்வான் மாதிரி இருக்கும். நம்ம ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க பயில்வானா? ஒட்டி ஒலந்துபோன பொம்பளைங்க வர்றாங்க. ஆபரேஷன்ல மார்ல ஒரு பக்கம் எடுத்துட்டு வர்றாங்க. அவங்க நெஞ்சுல அளந்து பாக்கணும், அதுதான் என் ப்ராஜெக்ட். நெஞ்செலும்புக்குக் கீழ நுரையீரல் ஆரம்பிக்கிற எடத்துல, கம்ப்யூட்டர் சொல்றதவிடக் கொஞ்சம் கம்மியாத்தான் போய்ச் சேரும்னு நான் எழுதிக் குடுத்திருக்கேன். அத நிரூபிக்கணும்!"

நிரூபிக்க அவளுக்கு இருந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆஸ்பத்திரியில் கரண்டு வைக்கும் பழைய மெஷினைத் திங்கட்கிழமை கழற்றப் போகிறார்கள். புதுசு வந்து பூட்டி ஓடுவதற்கு மாதக்கணக்காகும். ஞாயிறு மதியம் மெஷின் அவளுக்கு. அன்றைக்கு அளந்தால் இந்த வருஷமே பட்டம், அதே ஆஸ்பத்திரியில் பயிற்சிக்கு இடமும் உண்டு. தவறவிட்டால் ஒரு வருஷம் அம்போ, இடம் வேறு யாருக்கோ.

வெள்ளிக்கிழமை காலை புருஷனும் மகளும் மெழுகு உடம்பைப் போர்வையில் சுற்றி ஸ்கேன் எடுக்கக் கொண்டுபோனார்கள். மதியம் வேன் திரும்பி வந்தபோது ஹாரன் அடிக்கவில்லை. ஹாரன் அடிக்காமல் அந்த மனுஷன் வீட்டுக்கு வந்ததே கிடையாது. பட்டறைக்காரி கையிலிருந்த தூரிகையைக் கீழே வைத்தாள்.

குருவி நேராகச் சித்தப்பாவிடம் போனாள்.

"சித்தப்பா, உள்ள என்ன வெச்சீங்க?"

"நீ சொன்னதுதாம்மா. மெழுகு, தக்கை."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன அப்புறம்? வேற ஒண்ணும் இல்லியே." கொஞ்சம் யோசித்தான். "கம்பி வெச்சேன். அது எப்பவும் வைக்கிறதுதான."

குருவி போனை நீட்டினாள். ஸ்கேன் படத்தில் உடம்பு குறுக்காக வெட்டித் தெரிந்தது. நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி. அதிலிருந்து நாலாப் பக்கமும் வெள்ளைக் கோடு கோடாகப் பீறிக்கொண்டு போனது. நுரையீரலையும் காணோம், நெஞ்சையும் காணோம்.

"இரும்புக் கம்பி சித்தப்பா! ஸ்கேன்ல இரும்பு இருந்தா இப்படித்தான் வரும். இத வெச்சுக் கணக்கே போட முடியாது."

என்றோ ஒரு கடையில் ஒரு பொம்மை சாய்ந்து கண்ணாடியை நொறுக்கி, கடைக்காரர் வாயில் வந்ததையெல்லாம் பேசிவிட்டுப் போனார். அன்றிலிருந்து கழுத்திலிருந்து இடுப்புக்கு ஒரு கம்பி விடாமல் எந்த உடம்பையும் கொழுந்தன் வெளியே அனுப்புவதில்லை. அண்ணன் மகளுக்குச் செய்தது என்பதால் இதில் இன்னும் தடியான கம்பியாகப் பார்த்து வைத்திருந்தான்.

"கம்பி இல்லாம உடம்பு எப்படிம்மா நிக்கும்?" என்றான் பாவமாக.

"இது நிக்கப் போறதில்ல சித்தப்பா, படுக்கப் போறது!"

முதலில் சிரித்தது பட்டறைக்காரிதான். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. புருஷன் சேர்ந்துகொண்டார். கொழுந்தனும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். குருவியும் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் அது அழுகையாகிவிட்டது.

"கம்பி மட்டும் இல்லம்மா. மேடம் பாத்துட்டு, 'இது பொம்மையோட நெஞ்சு, மனுஷியோட நெஞ்சு இல்ல'ன்னுட்டாங்க." மேடம் என்பது அவளுடைய ப்ராஜெக்டுக்குப் பொறுப்பான பிசிக்ஸ் பேராசிரியை, வார்த்தையைக் கிள்ளிக் கிள்ளிப் போடுகிறவர். "ஒரு பக்கம் எடுத்தா அது இப்படிப் பலகை மாதிரி இருக்காதாம். உள்ள குழிஞ்சிருக்கும், தோள் பக்கம் இழுத்திருக்கும். அந்தக் குழியிலதான் விஷயமே இருக்குன்னாங்க."

மேடம் சொன்னது சரி. கொழுந்தன் பழைய பொம்மை அச்சிலேயே வார்த்து, இடது பக்கத்தை இழைத்துத் தள்ளியிருந்தான். அவனைக் குற்றம் சொல்லவும் முடியாது. எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அந்த வீட்டில் ஒரு வழி இருந்தது, அதை யாரும் கேட்கத் துணியவில்லை.

குருவி காலேஜில் சேர்ந்த புதிதில் பட்டறைக்காரிக்கு இடது பக்கம் எடுத்தார்கள். அதே ஆஸ்பத்திரி. வாரக்கணக்கில் போய்க் கரண்டு வைத்துக்கொண்டு வந்தாள். முடி கொட்டி, முடி வளர்ந்து, மறுபடி பொம்மைகளுக்குப் புருவம் எழுத உட்கார்ந்துவிட்டாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ரவிக்கைக்குள் பஞ்சு வைத்துத் தைத்துக்கொண்டாள். வீட்டில் எல்லாரும் எதையும் பேசுவார்கள், அதைத் தவிர. மகள் கேட்கவில்லை, அம்மா மனசு நோகுமே என்று. கொழுந்தன் கேட்கவில்லை, அண்ணியாயிற்றே. புருஷன் கேட்கவில்லை. அவருக்கு அந்தப் பக்கம் கண் போனாலே கலங்கிவிடும்.

இப்போது மூன்று பேரும் தரை, கூரை, போன் என்று எதையெதையோ பார்த்தார்கள். அவளை மட்டும் பார்க்கவில்லை. இந்தப் படிப்பை இவள் ஏன் பிடித்தாள், இந்த ப்ராஜெக்டை ஏன் பிடித்தாள் என்று பட்டறைக்காரிக்கு அந்த நிமிஷம் சுளீரென்று உறைத்தது. இத்தனை நாளும் மகள் தன் எதிரே உட்கார்ந்து படித்ததெல்லாம் தன்னைப் பற்றித்தானா என்று நினைத்தபோது கோபம் வரும்போலிருந்தது. வந்தது கோபம் இல்லை.

"அளவு வீட்டுக்குள்ளயே இருக்கு, மூணு பேரும் முழிக்கிறதப் பாரு," என்றாள். "எம் மேல அச்சு எடு."

"அம்மா..."

"என்ன அம்மா? ஞாயித்துக்கெழமை தள்ளிப் போகுமா உனக்கு? தம்பி, அச்சு மாவு நனைங்க. ஏங்க, நீங்க மெழுகு வாங்கிட்டு வாங்க. பழசுல கம்பியச் சுத்தி வெடிச்சிருக்கும், அது ஆவாது."

புருஷன் வாயைத் திறந்தார், மூடினார், வேனை நோக்கி ஓடினார். இந்தத் தடவை ஹாரன் தெருக்கோடி வரை கேட்டது.

உள்ளறையில் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு குருவியே அச்சு எடுத்தாள். கை ஒடிந்தால் போடுவார்களே, அதே மாவுக்கட்டுதான். ஈரத் துணிகளை ஒவ்வொன்றாக அம்மாவின் நெஞ்சில் ஒட்டிக்கொண்டே வந்தாள். பட்டறைக்காரிக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே அடிக்கிற வெயிலுக்கு மாவு முதலில் சில்லென்றிருந்து, இறுக இறுகச் சுட்டது. மகளின் விரல் தழும்பின் ஓரத்துக்கு வந்து தயங்கியது.

"என்னடி தடவிக் குடுக்கற? அழுத்து. பள்ளம் பள்ளமா வரணும்ல."

"வலிக்குமாம்மா?"

"வலியெல்லாம் போய் எத்தன நாளாச்சு. மரத்துக் கெடக்கு. அழுத்து."

குருவி அழுத்தினாள். அழுத்தியதும் அவளுக்கு வாய் திறந்துகொண்டது.

"இங்க பாரும்மா, கதிர் நேரா மேலேர்ந்து வராது. இந்தப் பக்கத்துலேர்ந்து சரிவா வரும், நெஞ்ச உரசிட்டு அந்தப் பக்கம் போயிடும். ஏன்னா அடியில நுரையீரல், அதுக்கு அடியில இதயம். அதுங்க மேல படவே கூடாது. தோலுக்கும் நுரையீரலுக்கும் நடுவுல உனக்கு எவ்வளவு சதை இருக்கு தெரியுமா? ஒரு விரல் தடிமன்கூட இல்ல. அந்த ஒரு விரல்ல முழுசா விழணும், அடுத்த விரல்ல விழவே கூடாது. எப்பேர்ப்பட்ட வேலை பாத்தியா!"

"அன்னைக்கு எனக்கு யாரும் இதச் சொல்லலயே."

"சொல்லியிருப்பாங்கம்மா. நீதான் காதுலயே வாங்கியிருக்க மாட்ட."

"ஆமா," என்றாள் பட்டறைக்காரி. "பயம் காத அடச்சிடுச்சு." இப்போது கேட்கக் கேட்க ஆசையாக இருந்தது. சதைக்குள் கதிர் எப்படிக் குறைந்துகொண்டே போகும், காற்றுக்குள் எப்படிச் சிதறும் என்றெல்லாம் கேட்டாள். கட்டு இறுகிக் கழற்றும்வரை இருவரும் ஓயவில்லை.

சனிக்கிழமை பட்டறை அல்லோலகல்லோலப்பட்டது. வரிசையில் நின்ற பொம்மைகளையெல்லாம் ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டு நடுவில் அச்சை வைத்தார்கள். மெழுகை மொத்தமாக ஊற்றினால் நடுவில் பொத்தல் விழும். ஒரு அடுக்கு ஊற்றி, அது இறுகின பிறகு மேலே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போட்டு அடுத்த அடுக்கு ஊற்ற வேண்டும். பிறகு அடுக்கடுக்காகக் கழற்றி இடையில் கதிரை அளக்கும் கருவியை வைக்கலாம். கொழுந்தன் ஊற்றினான். குருவி நுரையீரல் அளவுக்குத் தக்கையைச் சீவிச் சீவிப் பொருத்தினாள். வெயில் கொளுத்தியதில் மெழுகு சீக்கிரத்தில் இறுகவில்லை. புருஷன் ஐஸ் வாங்கி வரட்டுமா என்றார்.

"ஐஸ் வெச்சா வெடிச்சுப் போயிடும்ணே. அது தானா ஆறணும். நீங்க சும்மா இருங்க."

சும்மா இருப்பது அவரால் ஆகாத காரியம். பக்கத்திலேயே உட்கார்ந்து கண்காணித்தார். கொழுந்தனின் கை பழக்கதோஷத்தில் கம்பிக் கட்டுக்குப் போனது. "டேய்!" என்று கத்தினார். கொஞ்ச நேரத்தில் மறுபடி போனது. மனுஷன் எழுந்து பட்டறையிலிருந்த அத்தனை கம்பியையும் அள்ளிக்கொண்டுபோய் வேனில் போட்டுப் பூட்டி, சாவியை மடியில் செருகிக்கொண்டார்.

மத்தியானம் யாருக்கும் உட்கார்ந்து சாப்பிட நேரமில்லை. டீக்கடையிலிருந்து ரொட்டியும் ஆம்லெட்டும் வந்தன. கொண்டுவந்த டீக்காரர் மெழுகு உடம்பை எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, ஒரு பக்கம் மறந்துட்டீங்களா?"

பட்டறைக்காரி ரொட்டியை மென்று விழுங்கினாள்.

"மறக்கல. என் அளவு அது," என்றாள். "எடுத்துட்டாங்க. இவ அதுல அளந்து பாக்கப் போறா."

டீக்காரர் அவளைப் பார்த்தார், மெழுகைப் பார்த்தார். பிறகு தட்டை வைத்துவிட்டு, "டீ ஆறிடும், குடிங்க எல்லாரும்," என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. பட்டறைக்காரிக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கினாற்போலிருந்தது. இவ்வளவுதானா, இதைச் சொல்லவா இத்தனை வருஷம் என்று தோன்றியது.

பொழுது சாய்வதற்குள் உடம்பு அச்சைவிட்டு வெளியே வந்தது. குழிவும் இழுப்பும் தழும்பின் மேடும் அப்படியே விழுந்திருந்தன. கொழுந்தன் தோல் நிறப் பெயின்ட் டப்பாவைத் திறந்தான்.

"பெயின்ட்ல என்னென்ன கலந்திருக்கோ சித்தப்பா, வேணாம்!"

"புருவமாச்சும் எழுதட்டுமா?" என்றாள் பட்டறைக்காரி.

"தலையே இல்லம்மா!"

ஞாயிற்றுக்கிழமை காலை நாலு பேரும் கிளம்பினார்கள். ஆஸ்பத்திரி வாசலில் வாட்ச்மேன் போர்வையைப் பார்த்துவிட்டுத் தடுத்தார். "பாடியெல்லாம் பின்பக்கம் எடுத்துட்டுப் போங்க." புருஷன் மார்பை நிமிர்த்தி, "பாடி இல்லய்யா, ப்ராஜெக்டு!" என்றார்.

ஸ்கேனில் முதல் படம் வந்ததும் குருவி அம்மாவின் கையைப் பிடித்து நசுக்கினாள். கறுப்பாக நுரையீரல், சாம்பலாகச் சதை, நடுவில் வெள்ளைப் புள்ளி இல்லை. மேடம் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"ம்," என்றார். பிறகு, "இது உடம்பு," என்றார்.

குருவியும் மேடமும் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு முடிக்க மதியமாகிவிட்டது. சாப்பாட்டுக்குப் பிறகு பெரிய மெஷின் அறையில் உடம்பைப் படுக்கவைத்தார்கள். சுவரிலிருந்து சிவப்பு வெளிச்சக் கோடு மெழுகின் குறுக்கே விழுந்தது. கோட்டுக்குக் கோடு பொருத்தி, நெஞ்சு அடுக்குக்கு அடியில் குடைந்த பள்ளத்தில் பென்சில் போன்ற அளக்கும் கருவியைச் செருகி, அதன் வயரை வெளியே இழுத்து, எல்லாரும் வெளியே வந்தார்கள். தடித்த கதவு தானாக மூடிக்கொண்டது. மெஷினை இயக்கும் பெண் பொத்தானை அழுத்தினாள். மேஜைமேல் இருந்த சின்னப் பெட்டியில் எண்கள் ஓடி நின்றன.

குருவியின் முகம் செத்துப்போனது.

"ரொம்பக் கம்மி மேடம். இவ்வளவு கம்மியா வரவே வராது. நான் எழுதினதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"உள்ள போய்ப் பாரு," என்றார் மேடம்.

கதவு திறந்ததும் எல்லாரும் உள்ளே போனார்கள். கொழுந்தன்தான் குனிந்து கண்டுபிடித்தான். அடுக்குகள் வழுக்கி நகர்ந்து, நெஞ்சு அடுக்குக்கும் அடுத்ததற்கும் நடுவில் நகம் நுழையும் அளவு இடைவெளி விழுந்திருந்தது. கருவி இடத்தைவிட்டு நகர்ந்திருந்தது.

"இதுக்குத்தான் கம்பி வேணுங்கிறது!" என்றான் அவன், அவ்வளவு நேரம் வாய்க்குள் வைத்திருந்ததைக் கொட்டி.

"வாய மூடுடா," என்றார் அண்ணன்.

பட்டறைக்காரி வேனிலிருந்து பொம்மை கட்டும் துணிப்பட்டைகளை எடுத்து வரச் சொன்னாள். கடைக்கு அனுப்பும் பொம்மைகளை அவள்தான் கட்டுவாள். வழியில் ஒரு பொம்மை அசைந்ததாகப் பேச்சே கிடையாது. கழுத்துப் பக்கம் ஒன்று, வயிற்றில் ஒன்று, நீளவாட்டில் இரண்டு என்று முழங்காலால் முட்டுக்கொடுத்து இறுக்கிக் கட்டினாள். இடைவெளி மறைந்தது. மறுபடி கோடு பொருத்தினார்கள், மறுபடி வெளியே வந்தார்கள், மறுபடி கதவு மூடியது.

எண்கள் ஓடி நின்றன. குருவி எண்ணைப் பார்த்தாள், கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தாள், மறுபடி எண்ணைப் பார்த்தாள்.

"மேடம்..."

"சொல்லு."

"கொஞ்சம் கம்மி. நான் சொன்ன எடத்துல, நான் சொன்ன அளவுக்குக் கம்மி!"

"அதே எண் திரும்பத் திரும்ப வருதான்னு பாரு," என்றார் மேடம். ஆனால் அவர் முகம் முழுக்கச் சிரிப்பு. குருவி சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு குதித்தாள். புருஷன் யாருக்கோ போன் போட்டு, என்ன சொல்வதென்று தெரியாமல், "வந்துருச்சு, வந்துருச்சு," என்று கத்தினார்.

பட்டறைக்காரி மகள் பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்தினாள். "கம்மின்னா... எனக்கும் கம்மியாத்தான் போச்சா?"

குருவி குதிப்பதை நிறுத்தினாள். "ஒரு துளி கம்மிம்மா. ஆறு கிளாஸ் டீ ஊத்த வேண்டிய எடத்துல அஞ்சேமுக்கால் ஊத்தினாங்கன்னு வையி. உனக்கு அது தாராளம். இனிமே வர்றவங்களுக்கு அந்தக் கால் கிளாஸையும் சேத்து ஊத்தலாம், அவ்வளவுதான்."

பட்டறைக்காரி தலையாட்டினாள். மறுபடி மெஷின் ஓடத் தொடங்கியிருந்தது. மற்றவர்கள் எண்களைச் சுற்றி நின்றார்கள். பட்டறைக்காரியின் கண் மட்டும் பக்கத்திலிருந்த திரைக்குப் போனது. மெஷின் அறையை உள்ளே இருக்கும் கேமரா காட்டிக்கொண்டிருந்தது. பெரிய அறை. நடுவில் ஒற்றையாக அந்த மெழுகு உடம்பு. அவளுடைய உடம்பு.

கரண்டு வைத்த நாட்களில் அவளுக்கு வலி பெரிதாகத் தெரியவில்லை. கதவு மூடும் சத்தம்தான் ஆகவில்லை. படுக்கவைத்து, அசையாதே என்று சொல்லிவிட்டு, அத்தனை பேரும் வெளியே ஓடிவிடுவார்கள். அவர்களே பயந்து ஓடும் இடத்தில் நான் மட்டும் கிடக்கிறேனே என்று தினமும் நெஞ்சு வெந்து, ஓடினவர்களை வாய்விட்டுத் திட்டிக்கொண்டு கிடப்பாள். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

மெஷினை இயக்கும் பெண் எண்களின் பக்கம் திரும்பவே இல்லை. அத்தனை கூச்சலிலும் அவள் கண் அந்தத் திரையிலேயே இருந்தது. பட்டறைக்காரி அவள் தோளைத் தொட்டாள்.

"ஏம்மா, மெழுகத்தான வெச்சிருக்கு? இதையுமா பாக்கணும்?"

"பழக்கம்மா. உள்ள ஆள் படுத்திருந்தா கண்ண எடுக்கவே கூடாது. லேசா அசைஞ்சாக்கூட நிறுத்திடுவோம்."

"எப்பவுமா? முன்னாடியும் அப்படித்தானா?"

"எப்பவும் அப்படித்தாம்மா. மைக்கும் இருக்கு. இருமினா, கூப்பிட்டா, எல்லாம் கேக்கும்."

"திட்டினா?"

அந்தப் பெண் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சிரித்தாள். "எல்லாரும் திட்டுவாங்கம்மா. ஒருத்தங்ககூட விடமாட்டாங்க."

பட்டறைக்காரிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இரண்டையும் அடக்கவில்லை. அத்தனை நாளும் யாரோ ஒருத்தி இந்த நாற்காலியில் உட்கார்ந்து, கண் கொட்டாமல் தன்னையே பார்த்துக்கொண்டு, தன்னிடமே திட்டும் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். பெயர்கூடத் தெரியாது.

"அம்மா, கடைசியா இன்னும் ஒரு தடவ," என்று குருவி கூப்பிட்டாள். "எல்லாரும் தள்ளி நில்லுங்க."

பட்டறைக்காரி நாற்காலி ஒன்றை இழுத்துத் திரைக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீ போடுடி," என்றாள். "நான் பாத்துக்கறேன்."